ஜுராசிக் பார்க் (1993): பெரிய ஓட்டை எது?

கடைசிவாங்கு:
விஞ்ஞான மன்றத்தில இந்தப் படத்தைப் பற்றிக் கதைக்க இருக்கிறம். அதில, மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பருக்குள்ள அகப்பட்ட நுளம்பு குடிச்ச இரத்தத்தில இருந்து டைனோசர் டி.என்.ஏ. எடுத்து, இடைவெளியைத் தவளை டி.என்.ஏ.யால நிரப்பி, பெண் டைனோசர் மட்டும் உள்ள பூங்கா அமைக்கினம்; பிறகு சிலது ஆணா மாறிக் குஞ்சு பொரிக்குது. "டி.என்.ஏ. அழிஞ்சிடும்" எண்டு எல்லாரும் சொல்லுவினம். அதுக்கு மேல என்ன இருக்கு? மற்றது, ரி. ரெக்ஸ் எண்ட பெரிய ஊனுண்ணி டைனோசர் ரோட்டு மட்டத்தில வேலியைத் தாண்டி வருது. பிறகு கார் மட்டும் அதே பக்கம் எப்பிடிப் பள்ளத்துக்குள்ள விழுந்தது?

பனங்கொட்டை:
மொட்டையாச் சொல்லாமல் கணக்கைப் போடுங்கோ. 2012இல நியூசிலாந்தின்ர மோவாப் பறவை எலும்புகளில செய்த ஆய்வின்படி, 13.1 பாகை செல்சியஸில 242 எழுத்து நீளமான டி.என்.ஏ. துண்டுகளில பாதி அழிய 521 வருசம். உறைநிலைக்குக் கீழ, −5 பாகையில வைச்சாலும் 6.8 மில்லியன் வருசத்தில ஒரு பிணைப்பும் மிஞ்சாது. டைனோசர் அழிஞ்சதோ 66 மில்லியன் வருசத்துக்கு முந்தி.

ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்ச பிழை அம்பர். படத்தில அது டொமினிக்கன் குடியரசுச் சுரங்கத்தில எடுக்கிறது. அந்த அம்பர் பெரும்பாலும் மயோசின் காலத்தது, அதாவது எங்கட யாழ்ப்பாணத்துக் கிணறுகளில தெரியிற சுண்ணாம்புக்கல்லின்ர காலம். டைனோசர் போய் நாப்பது மில்லியன் வருசத்துக்கும் பிந்தி வந்த நுளம்பு ஆரின்ர இரத்தத்தைக் குடிச்சது? போதாக்குறைக்கு, காட்டுற நுளம்பு டொக்சோரிங்கைட்டிஸ் எண்ட வகை. அதில பெண்ணும் இரத்தம் குடிக்காது.

சுண்டுக்குளிப்பக்கம்:
லைசினை, அதாவது புரதத்தை ஆக்கிற அமினோ அமிலங்களில ஒண்டை, விட்டிட்டியள். பூங்காவுக்கு வெளியில தப்பினாலும் லைசின் இல்லாமல் செத்துப்போகும் எண்டுதான் படத்தில காவல். முள்ளந்தண்டு விலங்கு ஒண்டும் லைசினைத் தானாச் செய்யிறேல்லை, நாங்களும்தான். இல்லாத ஆற்றலை வெட்டி எடுத்தது மாதிரிக் கதை. இறைச்சிப் புரதத்தில நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு லைசின், ரெக்ஸுக்கு ஆடு கிடைச்சால் விசயம் முடிஞ்சுது. தாவரம் தின்னுறதுகளுக்கு அவரை, பயறு இனம் போதும். உண்மையான பூட்டு வேணுமெண்டால் இயற்கையில இல்லாத செயற்கை அமினோ அமிலம் இல்லாமல் வாழ முடியாதபடி மாத்தவேணும். 2015இல ஈ. கோலை பற்றீரியாவில அதைச் செய்து காட்டினவை.

பனங்கொட்டை:
சரியான இடம். "எல்லாக் கருவும் முதலில பெண், ஓமோனைத் தடுத்தால் ஆண் வராது" எண்ட வசனத்தையும் சேருங்கோ. டைனோசரின்ர கிட்டின உறவு பறவை, பறவையில நிலைமை தலைகீழ். கோழிமுட்டையில ஈஸ்திரஜன் ஆக்கிற அரோமற்றேஸ் நொதியத்தை நேரத்தோட தடுத்தால், பெண் நிறமூர்த்தம் உள்ள குஞ்சிலயும் விதை, அதாவது ஆணின்ர விந்துச் சுரப்பி, வளரும். தவளையை விட்டிட்டுக் கோழி டி.என்.ஏ.யால இடைவெளியை நிரப்பியிருந்தால் பால் மாறுற கதையே வந்திருக்காது, படமும் ஓடியிருக்காது!

பள்ளம் வெறும் படப்பிடிப்புக் குறை. மேட்டையும் பள்ளத்தையும் ஒரே காட்சியில காட்டியிருந்தால் கேள்வியே எழும்பாது. அதில நேரத்தைச் செலவழிக்காதேங்கோ.

கடைசிவாங்கு:
வெலோசிராப்டருக்கு இறகு இல்லாததையும் பிழை எண்டு சொல்லலாமோ?

சுண்டுக்குளிப்பக்கம்:
வேண்டாம். இறகுள்ள சைனோசோரொப்டெரிக்ஸ் எண்ட டைனோசர் வெளியில தெரிய வந்தது 1996இல, வெலோசிராப்டரின்ர கை எலும்பில இறகு பொருந்தின குமிழைக் கண்டது 2007இல; ரெண்டும் படத்துக்குப் பிறகு. உருவத்தைப் பிடியுங்கோ, படத்தில அது ஆள் உயரம்: உண்மையான வெலோசிராப்டர் ஏறக்குறைய 15 தொடக்கம் 20 கிலோ, இடுப்பு உயரம் அரை மீற்றர். அது அப்பவே தெரியும்.