பயிற்சி அறையில் ‘உம்ம்ம்’ ஓசை: எர்த் ஒயரைக் கழற்றிவிடலாமா?

அறைக்குள்_ஐவர்

நாங்கள் ஐந்து பேர். டிரம்ஸ், பேஸ், இரண்டு கிடார், கீபோர்டு. இதுவரை யார் வீட்டிலாவது ஒண்டிக்கொண்டு வாசித்தோம். இப்போதுதான் நாலுக்கு ஐந்து மீட்டரில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. எட்டு சேனல் மிக்ஸர் ஒன்று, ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் இரண்டு, கிடார் ஆம்ப் இரண்டு, பேஸ் ஆம்ப் ஒன்று. கீபோர்டுகாரர் ஒலியை லேப்டாப்பிலிருந்து எடுக்கிறார். ஹெட்ஃபோன் துளையிலிருந்து மிக்ஸருக்கு நேராக ஒரு ஒயர். மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போக வேறு ஒயர் இல்லாததால் இரண்டு கிடார் கேபிளையே மாட்டியிருக்கிறோம்.

எல்லாவற்றையும் ஆன் செய்தால், யாரும் வாசிக்காதபோதே அடித்தொண்டையில் ‘உம்ம்ம்’ என்று ஒரு ஓசை. மிக்ஸரின் மெயின் வால்யூமை முழுக்க இறக்கினால் கொஞ்சம் குறைகிறது, போகவில்லை. இதில் பழக்கமுள்ள ஒருவர் வந்து பார்த்தார். ஸ்பீக்கர் பிளக்குகளைத் திறந்து பச்சை ஒயரை, அதாவது எர்த் ஒயரை, கழற்றிவிட்டார். ஓசை பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. இப்படியே விடலாமா?

பேஸ்மட்டும்

விடலாம். பதினைந்து வருடமாக மேடையிலும் அறையிலும் இப்படித்தான் செய்கிறேன், உயிரோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது கிரவுண்ட் லூப். மிக்ஸருக்கு ஒரு எர்த், ஸ்பீக்கருக்கு ஒரு எர்த், நடுவில் கேபிளின் ஷீல்டு, அதாவது உள் ஒயரைச் சுற்றிய உலோகப் பின்னல். மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். வளையத்தை ஒரு இடத்தில் வெட்டினால் ஓசை போகும். அந்த ஆள் சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறார். மீதி ஓசைக்கு லேப்டாப் சார்ஜரையும் இப்படியே செய்துவிடுங்கள்.

பழைய_சால்டர்

வளையம் என்பது சரி. வெட்டிய இடம் தவறு, அதுவும் ஆளைக் கொல்லும் தவறு. இன்று வாசிக்கும் முன் அந்தப் பச்சை ஒயரை மறுபடி மாட்டிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மெயின் வால்யூமை இறக்கும்போது குறைகிற ஓசை, அந்த வால்யூமுக்கு முன்பே மிக்ஸருக்குள் வந்துவிட்டது. அனேகமாக லேப்டாப் வழியாக. முழுக்க இறக்கிய பிறகும் நிற்கிற ஓசை, மிக்ஸரைத் தாண்டிய பிறகு சேர்கிறது. அதாவது அந்த இரண்டு கிடார் கேபிளில். ஆக உங்களுக்கு ஒரு வியாதி இல்லை, இரண்டு.

சோதனை சுலபம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிடுங்கள். ஓசை இறங்கினால் முதல் குற்றவாளி மாட்டிக்கொண்டார். அப்புறம் ஸ்பீக்கர் பக்கம் கிடார் கேபிளைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் ஆன் செய்து கேளுங்கள். அமைதியாக இருந்தால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, ஒயரில்தான்.

பேஸ்மட்டும்

ஆளைக் கொல்லும் என்று பயமுறுத்துவது எளிது. ஸ்பீக்கரின் எர்த் போனால் என்ன? ஆடியோ கேபிளின் ஷீல்டு மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்துதானே இருக்கிறது? அந்த வழியாக ஸ்பீக்கருக்கும் எர்த் கிடைத்துவிடும். தவிர, இப்போது பல இடங்களில் ஆர்சிடி இருக்கிறது, மின்கசிவைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச். 30 மில்லிஆம்ப் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும்.

பழைய_சால்டர்

இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

ஷீல்டு என்பது தலைமுடி கனத்தில் பின்னிய கம்பி. சிக்னலைச் சுற்றி வேலி போடுவதுதான் அதன் வேலை. ஸ்பீக்கருக்குள் ஒரு மின் ஒயர் கழன்று உலோக உறையைத் தொட்டால், ஃப்யூஸ் போகிற அளவுக்குப் பாயும் மின்சாரத்தை அது தாங்க வேண்டும். தாங்காது. உருகி அறுந்துவிட்டால் ஸ்பீக்கர் உறை மின்சாரத்தோடு நிற்கும். யாராவது ஒயரைக் கழற்றி எடுத்தாலும் அதே கதி, பயிற்சி அறையில் ஒயரைக் கழற்றாத நாள் உண்டா? அறுகிற வரை அந்த மின்சாரம் எங்கே போகும் என்று பாருங்கள்: மிக்ஸருக்கு. அங்கிருந்து மைக் கேபிளின் ஷீல்டு வழியாக மைக்கின் உலோக வலைக்கு. பாடுபவரின் உதடு அங்கேதான் இருக்கிறது, கையில் கிடார் தந்தி.

ஆர்சிடி நல்லதுதான். ஆனால் எர்த் இருந்தால் கோளாறு வந்த நொடியிலேயே அது வெட்டும், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எர்த் இல்லாமல் ஷீல்டும் விட்டுப்போனால் கசிவதற்கு வழி கிடையாது, அதனால் அது பேசாமல் காத்திருக்கும். வழி ஏற்படுத்துவது யார்? முதலில் தொடுகிறவர். உங்கள் உடம்பை வைத்துத்தான் ஆர்சிடியைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

1972இல் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, ஸ்வான்சீ மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப், வீட்டில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இருவருமே இதில் ஊறியவர்கள்.

பேஸ்மட்டும்

ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை. சரி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் அடுத்து டிஐ பாக்ஸ், அதாவது மிக்ஸருக்கு முன்னால் மாட்டும் சிறு பெட்டி, வாங்கச் சொல்வீர்கள். அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று பொத்தானே இருக்கிறது. அதுவும் எர்த்தைத் துண்டிப்பதுதானே? அவர்கள் செய்தால் வசதி, நான் செய்தால் கொலையா? இன்னொன்று, என் கீபோர்டு அடாப்டருக்கு எர்த் பின்னே கிடையாது. கம்பெனிக்காரனே அப்படித்தான் செய்து விற்கிறான்.

பழைய_சால்டர்

நல்ல கேள்வி, கிண்டலாகச் சொல்லவில்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

அந்தப் பொத்தான் துண்டிப்பது ஆடியோ கேபிளில் இருக்கும் ஷீல்டின் இணைப்பை, எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் ஆடியோ பிளக்கில் 1ஆம் பின். சுவரிலிருந்து வரும் பாதுகாப்பு எர்த்தை அது தொடுவதே இல்லை, ஆம்பின் உறை பத்திரமாக எர்த்திலேயே இருக்கும். அதே வளையம்தான், வெட்டுகிற இடம்தான் வேறு. சிக்னல் பக்கம் வெட்டினால் ஓசை மட்டும் போகும்.

உங்கள் அடாப்டர் இரட்டைக் காப்பு உள்ளது. மேலே சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும், பாருங்கள். எர்த் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கும்படி உள்ளே இரண்டு அடுக்கு காப்பு வைத்துச் செய்கிறார்கள். உலோக உறை போட்டு, மூன்று ஒயர் கொடுத்து விற்கும் ஆம்ப் அப்படி இல்லை. அது எர்த்தை நம்பிச் செய்தது.

தாளக்காரி

இருவரும் சண்டையை முடித்தால் நல்லது. கேட்டவருக்கு என்ன வாங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய_சால்டர்

மன்னிக்கவும். மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்கு இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள். அதில் 2ஆம் பின்னில் சிக்னல், 3ஆம் பின்னில் அதையே தலைகீழாகப் புரட்டியது. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும், சிக்னல் மட்டும் மிஞ்சும். கிடார் கேபிளில் இந்த வித்தை நடக்காது.

லேப்டாப்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் ஒன்று. உள்ளே இரண்டு சுருள். சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், லிஃப்ட் பொத்தானையும் அழுத்திவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் இடையில் ஒயர் தொடர்பே இருக்காது. வளையம் அங்கேயே அறுந்தது. கூடவே, எல்லாச் சாதனத்துக்கும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுங்கள். மூலைக்கு ஒன்றாக மாட்டினால் வளையம் அறை அளவுக்குப் பெரிதாகும்.

பேஸ்மட்டும்

ஒரே பிளக் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எக்ஸ்டென்ஷனுக்குள் எக்ஸ்டென்ஷன் சொருகாமல் ஒரு நல்ல பெட்டியாக வாங்குங்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கிடார் கேபிள் ஆறு மீட்டருக்கு மேல் வேண்டாம். கேபிளின் மின்தேக்குதிறன் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் ஏறிக்கொண்டே போகும், கிடாரின் கூர்மை மழுங்கிவிடும். இந்த அறைக்கு ஆறே அதிகம்.

கீபோர்டு_மூலை

இத்தனை ஒயரே எதற்கு? கிடார், பேஸ், டிரம்ஸ் மைக் எல்லாவற்றையும் மிக்ஸருக்கே கொண்டுபோய், ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் முடிந்தது. ஸ்பீக்கரே வேண்டாம்.

தாளக்காரி

எட்டு சேனலில் டிரம்ஸுக்கு எத்தனை கொடுப்பீர்கள்? மைக் போடாவிட்டாலும் நான் கேட்பேன், அதுதான் பிரச்சினையே. இந்த அளவு அறையில் சத்தத்தை நிர்ணயிப்பது டிரம்ஸ். கிடார் ஆம்பை அதோடு சமமாக நிறுத்தினால் போதும். ஆம்பைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசித்துவிட்டு ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று வால்யூமைத் திருகுவார்கள். நாற்காலி மேல் வையுங்கள், இல்லை பின்னால் சாய்த்து காதைப் பார்க்க வையுங்கள். மிக்ஸர் வழியாகப் பாட்டும் கீபோர்டும் மட்டும் போகட்டும்.

ஸ்பீக்கரை மைக்கின் முதுகுக்கு நேராக வையுங்கள். முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம்தான் காது மந்தம், ‘கீச்’ என்று கத்தாது. இன்னும் குறுகலாகப் பிடிக்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில், 120 பாகை அளவில்.

கீபோர்டு_மூலை

காது என்னாவது? 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் காதுக்கு வரம்பு. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 100இல் பதினைந்தே நிமிடம். உங்கள் டிரம்ஸ் அதைத் தாண்டும்.

தாளக்காரி

தாண்டும். அதற்குத்தான் காதடைப்பான். ஹெட்ஃபோன் போட்டவர் டிரம்ஸுக்கு மேல் கேட்க வேண்டும் என்று அதையும் ஏற்றிக்கொண்டே போவார், பார்த்திருக்கிறேன்.

கிடார்_தொங்கல்

இடையில் ஒரு அனுபவம். எங்கள் அறையில் ஸ்பீக்கர் கேபினெட்டுக்கு வரும் கேபிள் காணாமல் போனது. ஜாக் ஒரே மாதிரிதானே என்று கிடார் கேபிளை ஆம்ப் ஹெட்டிலிருந்து (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) கேபினெட்டுக்கு மாட்டினேன். அரை மணி நேரம் நன்றாக வாசித்தோம். அப்புறம் கருகிய ரப்பர் வாடை. கேபிளைத் தொட்டால் வெதுவெதுப்பாக, ஜாக் அருகே உறை இளகி விரலில் ஒட்டுகிறது. வால்வு ஆம்ப் வேறு, கண்ணாடிக் குழாய் வைத்தது. அந்தக் கேபிள் அறுந்திருந்தால் ஸ்பீக்கர் என்ற சுமையில்லாமல் ஓடி டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. இப்போது ஸ்பீக்கர் கேபிள்களின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

அறைக்குள்_ஐவர்

எல்லோருக்கும் நன்றி. பச்சை ஒயரை அன்றே மாட்டிவிட்டோம், ஓசை பழையபடி வந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், பாதி போய்விட்டது. எக்ஸ்எல்ஆர் கேபிள் மாட்டியதும் மீதியும் போனது. டிஐ பாக்ஸ் வந்தபின் சார்ஜரோடும் அமைதியாக இருக்கிறது. ஆம்பைப் பெட்டி மேல் ஏற்றினோம், கிடார்காரர் முதல் முறையாகத் தானாகவே வால்யூமைக் குறைத்தார்.

ஒன்று மட்டும் மிச்சம். ஒரு கிடாரில் ‘ஜ்ஜ்ஜ்’ என்று இருக்கிறது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றால் போய்விடுகிறது, விளக்கு சுவிட்ச் பக்கம் திரும்பினால் வருகிறது.

பேஸ்மட்டும்

அது லூப் இல்லை. கிடாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்), அறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் விளக்கு. இரண்டில் ஒன்று உண்டு என்று பந்தயம் கட்டுகிறேன். டிம்மரை முழுக்க ஏற்றிவிட்டுக் கேளுங்கள்.

அறைக்குள்_ஐவர்

இரண்டுமே உண்டு அண்ணா. முழுக்க ஏற்றியதும் நின்றுவிட்டது.

பேஸ்மட்டும்

சரி, சொல்லிவிடுகிறேன். நேற்று என் பேஸ் ஆம்பின் பிளக்கைத் திறந்து பார்த்தேன். பச்சை ஒயர் உறையோடு ஒட்ட வெட்டியிருக்கிறது. நான்தான் வெட்டியிருப்பேன், எந்த வருடம் என்று ஞாபகமில்லை. இழுத்து மாட்ட நீளம் போதவில்லை. சால்டர் அண்ணா, நீட்டி ஒட்டிவிடலாமா?

பழைய_சால்டர்

ஒட்டு வேண்டாம். உறையை இன்னும் நாலு விரல் சீவி, மூன்று ஒயரையும் புதிதாக எடுத்து மாட்டுங்கள். பச்சையை மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது கால் தடுக்கி இழுத்தால் கடைசியாகப் பிடுங்கிக்கொண்டு வருவது அதுவாக இருக்க வேண்டும்.