கூறைப் புடவையின் விளிம்பில் படிக்கட்டுப் பற்கள்: பிழை டிவிடியிலா, என் அமைப்பிலா?

நாடாப்பெட்டி (கேட்டவர்):

அனைவருக்கும் வணக்கம். 1994இல் நடந்த என் சித்தியின் திருமணத்தை விஎச்எஸ் கேசட்டில் பதிந்திருந்தார்கள். 2006 வாக்கில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து அதை டிவிடியாக மாற்றினோம். பிறகு கேசட் பூஞ்சை பிடித்துப் பாழாகிவிட்டதால், இன்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த டிவிடி மட்டும்தான். 720க்கு 576 அளவுள்ள, நொடிக்கு 25 பிரேம் ஓடும் பிஏஎல் இன்டர்லேஸ் வீடியோ அது; அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என வெவ்வேறு கணத்தில் எடுத்த இரண்டு ஃபீல்டுகளால் பின்னப்பட்டது.

நான் செய்த வேலையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். டிவிடியைப் படிக்கும் டிஜிஇன்டெக்ஸில் திறந்து, ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவைத் திருத்தும் ஏவிசிந்த் மென்பொருளில் ஆர்ஜிபியாக (சிவப்பு, பச்சை, நீலம் என நிறத்தைக் குறிக்கும் வடிவம்) மாற்றி, நிறம் திருத்தும் ஒரு பில்டரைப் போட்டேன். மேலே 3 வரியையும், கீழே கோடு கோடாக இழுத்த 7 வரியையும் வெட்டினேன். ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கும் டிவிடியின் ஒய்வி12 வடிவத்தில் மேலே 3 வரி வெட்ட அனுமதி கிடைக்கவில்லை என்பதும் ஆர்ஜிபிக்குப் போனதற்கு ஒரு காரணம். பிறகு மீண்டும் ஒய்வி12 ஆக்கி, ஃபீல்டுகளை முழுப் பிரேம்களாக்கும் கியூடிஜிஎம்சி கொடுத்து, புள்ளி நீக்கும் பில்டரையும் இரைச்சல் நீக்கும் பில்டரையும் சற்றுத் தாராளமாகவே வைத்து, 1440க்கு 1080 ஆகப் பெரிதாக்கி எக்ஸ்264 என்கோடரில் சுருக்கி முடித்தேன்.

விளைவு இதுதான்: சித்தியின் அரக்குக் கூறைப் புடவை, அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட, விளிம்பெல்லாம் படிக்கட்டுப் போலப் பல் பல்லாகத் தெரிகிறது. அதே இடத்தில் முகமும் நகையும் தெளிவாகவே இருக்கின்றன. நடப்பவர்கள் ஓர் அடி முன்னே வைத்துப் பாதி அடி பின்னே போவதுபோல் நடுங்குகிறார்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைத் தகடாக இருக்கிறது. அரக்கு நிறம் செங்கல் நிறமாகிவிட்டது. கியூடிஜிஎம்சியின் அமைப்புகளை எல்லாம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. எங்கே தவறு?

ஒற்றைவரி:

வணக்கம் நண்பரே. கியூடிஜிஎம்சியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அதன் கைக்குப் போவதற்கு முன்பே படம் கெட்டுவிட்டது.

முதலில் புடவையை எடுத்துக்கொள்வோம். டிவிடியில் உள்ள 4:2:0 வடிவத்தில் (ஒய்வி12 அதுதான்) நான்கு பிக்சலுக்கு ஒரு நிற மதிப்புதான் உண்டு. இன்டர்லேஸ் வீடியோவில் அந்த நிற வரிகளும் ஃபீல்டு வாரியாகப் பிரிந்திருக்கும். அதாவது முதல் நிற வரி படத்தின் 1, 3ஆம் வரிகளுக்கும், இரண்டாவது நிற வரி 2, 4ஆம் வரிகளுக்கும் சொந்தம். ஆர்ஜிபிக்குப் போகும்போதும் அங்கிருந்து திரும்பும்போதும் ‘இன்டர்லேஸ்டு’ என்ற மதிப்பை ‘ட்ரூ’ என்று நீங்கள் கொடுக்கவில்லையென்றால், ஏவிசிந்த் அதைச் சாதாரணப் படமாக எண்ணி, முதல் நிற வரியை 1, 2ஆம் வரிகளுக்குப் பூசிவிடும். ஒரு ஃபீல்டின் நிறம் அடுத்த ஃபீல்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒளி அளவு தொடப்படாததால் முகமும் நகையும் தப்பித்தன. நிறம் அடர்ந்து, விளிம்பு கூர்மையாக இருக்கும் சிவப்புதான் மாட்டிக்கொண்டது. நம் ஊர்க் கல்யாண வீடியோ என்றால் கூறைப் புடவையிலும் ரோஜா மாலையிலும்தான் இந்தப் பிழை முதலில் பல்லைக் காட்டும்.

நடுக்கத்துக்குக் காரணம் அந்த 3 வரி. மேலிருந்து ஒற்றைப்படை எண்ணில் வரிகளை வெட்டினால் மேல் ஃபீல்டு கீழாகவும் கீழ் ஃபீல்டு மேலாகவும் இடம் மாறிவிடும். நீங்களோ பழைய வரிசையையே கியூடிஜிஎம்சிக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ஒய்வி12 அனுமதி மறுத்தது உங்கள் நன்மைக்குத்தான். இன்டர்லேஸ் நிலையில் 4ஆல் வகுபடும் எண்ணில்தான் வெட்ட வேண்டும். அதைவிட நல்லது, கியூடிஜிஎம்சி முடியும்வரை வெட்டாமலே இருப்பது. கீழே இழுக்கும் கோடுகள், விசிஆரில் நாடாவைப் படிக்கும் தலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் வருபவை. அவை கடைசிவரை அங்கேயே கிடந்தாலும் யாருக்கும் கேடில்லை.

வேட்டிக்கு வருவோம். வீடியோவில் கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வீடியோ லைட்டை நேராக வாங்கும் வெள்ளை வேட்டி, விஎச்எஸ் பதிவில் 235ஐத் தாண்டிப் போவது மிகச் சாதாரணம். ஒய்வி12இல் இருக்கும்வரை அந்த மதிப்புகள் உயிரோடு இருக்கும். ஆர்ஜிபிக்கு மாற்றிய மறுகணம் அத்தனையும் ஒரே வெள்ளையாக வெட்டப்படும். ஒளி அளவுகளை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் பில்டரின் கிளாசிக் காட்சியை மூலத்தின் மேல் போட்டுப் பாருங்கள். எல்லைக்கு வெளியே இருப்பது பழுப்பு மஞ்சள் பட்டைக்குள் விழும். அங்கே ஏதேனும் தெரிந்தால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் ஒய்வி12லேயே ஒளி அளவைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

செங்கல் நிறம் எளிய விஷயம். டிவிடியின் நிறக் கணக்கு, பழைய டிவிக்கான பிடி601. 1080 வரியுள்ள கோப்பில் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலான பிளேயர்கள் அதை எச்டிக்கான பிடி709 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும், வாழை இலைப் பச்சை இருண்டுவிடும். பெரிதாக்குவதானால் பிடி709க்கு முறையாக மாற்றி, கோப்பிலும் அப்படியே குறித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். மூல டிவிடியின் மேல் செப்பரேட்ஃபீல்ட்ஸ் மட்டும் போட்டு, ஒவ்வொரு ஃபீல்டாகப் புடவையைப் பாருங்கள். ஃபீல்டுக்குள் விளிம்பு சுத்தமாக இருந்தால் வட்டு நிரபராதி. முழு பிரேமாக வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏவிசிந்த் ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்கும் ஏவிஎஸ்பிமாடும் திரையில் காட்டுவதற்காக உள்ளுக்குள் ஆர்ஜிபிக்கு மாற்றத்தான் செய்கிறது, அந்த மாற்றத்திலும் இதே பல் முளைக்கலாம்.

பூஞ்சைக்காளான்:

ஒற்றைவரி சொன்னதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சம்மதம். 1080க்குப் பெரிதாக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. விஎச்எஸ் கேசட்டில் கிடைமட்டமாக 240 கோடு அளவுக்குத்தான் விவரம் உண்டு. நிறத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. 576 வரிகளிலேயே, நொடிக்கு 50 பிரேமாக, சரியான பிக்சல் விகிதத்தோடும் பிடி470பிஜி (பிஏஎல்லில் பிடி601 கணக்குக்கான பெயர்) என்ற நிறக் குறிப்போடும் வைத்துவிட்டால், பெரிதாக்கும் வேலையைத் தொலைக்காட்சி பார்த்துக்கொள்ளும். 25 பிரேமாகக் குறைத்தீர்கள் என்றால் நாதஸ்வரக்காரரின் விரல் ஓட்டம் பாதி போய்விடும்.

நாடாப்பெட்டி (கேட்டவர்):

இருவருக்கும் மிக்க நன்றி. ஆர்ஜிபியை அடியோடு நீக்கி, வெட்டுவதைக் கடைசிக்குத் தள்ளியதும் நடுக்கம் நின்றது. நிச்சயதார்த்தப் பகுதியில் புடவை விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல வந்துவிட்டது. ஆனால் முகூர்த்தம் தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ இருபது நிமிடத்துக்குப் பல் அப்படியே இருக்கிறது, அதுவும் செப்பரேட்ஃபீல்ட்ஸ் போட்டுப் பார்த்தாலும் ஃபீல்டுக்குள்ளேயே தெரிகிறது.

இன்னொரு விநோதம். அம்மாவை உட்காரவைத்துக் காட்டினேன். தாலி கட்டும் காட்சியைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, யாருமே அட்சதை போடலையா?” என்று கேட்டார். டிவிடியில் பார்த்தால் மழைபோலக் கொட்டுகிறது. என் கோப்பில் ஒரு மணி அரிசி இல்லை.

ஒற்றைவரி:

அட்சதையைத் தின்றது உங்கள் புள்ளி நீக்கும் பில்டர். முந்தைய பிரேமிலும் அடுத்த பிரேமிலும் இல்லாமல் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தால், அது கேசட்டில் பூச்சு உதிர்ந்த இடம் என்று முடிவு கட்டி அழிப்பதுதான் அதன் வேலை. பறக்கும் அரிசிக்கும் அதே இலக்கணம் பொருந்துகிறது. அந்தக் காட்சிக்கு மட்டும் டிரிம் போட்டுப் பிரித்து, புள்ளி நீக்காமல் விட்டுவிடுங்கள். இரைச்சல் நீக்குவதையும் பாதியாகக் குறையுங்கள்; ஓமப்புகை பல பிரேம்களாக ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறதா என்று பார்த்தாலே அளவு மிஞ்சியது தெரியும்.

முகூர்த்தப் பகுதியில் ஸ்டூடியோக்காரர்கள் ஏதேனும் கிராபிக்ஸ் சேர்த்திருக்கிறார்களா?

நாடாப்பெட்டி (கேட்டவர்):

ஆம். இருபது நிமிடமும் இதய வடிவச் சட்டம் ஒன்று மூலையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பூஞ்சைக்காளான்:

அப்படியானால் நீங்கள் செய்த அதே தவறை, உங்களுக்குப் பல ஆண்டு முன்பே அவர்கள் செய்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. சட்டத்தை ஒட்டுவதற்காக அந்தத் துண்டை மட்டும் ஆர்ஜிபிக்குக் கொண்டுபோய், இன்டர்லேஸை மதிக்காமல் திரும்பக் கொண்டுவந்திருப்பார்கள். வட்டிலேயே பதிந்துவிட்ட பல்லை எந்த அமைப்பாலும் பிரித்தெடுக்க முடியாது, மறைக்கத்தான் முடியும்.

கியூடிஜிஎம்சிக்குப் பிறகு, படத்தின் ஒரு நகலை மேல்கீழாக மட்டும் மங்கலாக்கி, மெர்ஜ்குரோமா வழியாக அதன் நிறத்தை மட்டும் எடுத்து மூலத்தின் ஒளி அளவோடு சேருங்கள். விஎச்எஸ் நிறத்தில் நுட்பம் குறைவு என்பதால் இழப்பு கண்ணில் படாது. சேர்க்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள்: விஎச்எஸ்ஸில் நிறம் உருவத்தைவிடச் சற்று வலப்பக்கமும் கீழேயும் நழுவியிருக்கும், நகலெடுக்க எடுக்க அது கூடும். சித்தியின் உதட்டுச் சிவப்பு உதட்டின் மேல் இருக்கிறதா, தாடைக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் நிறத்தை மட்டும் அதே அளவு மேலே ஏற்றிவிடலாம்.

நாடாப்பெட்டி (கேட்டவர்):

நேற்று இரவு முழுவதையும் ஓட்டி முடித்தேன். முகூர்த்தப் பகுதியில் பல் போய்விட்டது. நிறத்தை 2 வரி மேலேயும் 4 பிக்சல் இடப்பக்கமும் நகர்த்த வேண்டியிருந்தது. குங்குமம் இப்போது நெற்றியில் இருக்கிறது. 576 வரியிலேயே, 50 பிரேமில் நிறுத்திக்கொண்டேன். அட்சதை முழுவதும் திரும்பிவிட்டது, கூடவே நாலைந்து உண்மையான கேசட் பொட்டுகளும். அவற்றை இனி யாரும் அரிசி என்றே நினைத்துக்கொள்வார்கள்.

வேட்டி மட்டும் பாதிதான். நிச்சயதார்த்தத்தில் சரிகையும் மடிப்பும் தெரிகின்றன. இதயச் சட்டம் சுற்றும் இருபது நிமிடத்தில் ஹிஸ்டோகிராம் 235இல் சுவர் வைத்ததுபோல் நிற்கிறது. ஸ்டூடியோவின் அந்த ஆர்ஜிபி பயணத்திலேயே வெட்டுப்பட்டிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.