டுராண்ட் கோப்பை ஆட்டத்தைப் பார்த்து சீசன் எப்படிப் போகும் என்று சொல்ல முடியுமா?

பெரம்பூர்_விசில்:
சென்னையின் எஃப்சி ரசிகர்களிடம் ஒரு கேள்வி, ரொம்ப நாளாக மனதில் இருப்பது. சீசனுக்கு முன்னால் நடக்கிற டுராண்ட் கோப்பை கால்பந்தில், 2023-ல் நம் அணி குரூப்பில் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தது. காலிறுதியில் கோவாவிடம் 1-4 என்று வாங்கிக் கட்டிக்கொண்டாலும், கோச் ஓவன் கோய்ல் திரும்பி வந்துவிட்டார், இந்த வருஷம் நம் வருஷம்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியதும் ஒடிசா, நார்த் ஈஸ்ட், மோகன் பகான் என்று வரிசையாக மூன்று தோல்வி. அன்றிலிருந்து என் அண்ணன் விடுவதே இல்லை. "டுராண்ட் எல்லாம் வார்ம்-அப்டா, அதுக்குப் போய் விசில் அடிக்கிறியே" என்கிறான். நிஜமாகவே இது கோப்பையா, இல்லை ப்ரீ-சீசன் பயிற்சிக்குக் கோப்பை என்று பெயர் வைத்திருக்கிறார்களா? நாம் அதில் எதைத்தான் பார்க்க வேண்டும்?

நேருபார்க்_பெஞ்ச்:
தம்பி, நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் புச்சி பாபு கிரிக்கெட் நடக்கிறதே, அதை ஜெயித்தவன் ரஞ்சியும் ஜெயிப்பான் என்று யாராவது பந்தயம் கட்டுவார்களா? மாட்டார்கள். ஆனால் எந்தப் பையன் எந்த இடத்தில் இறங்குகிறான் என்று செலக்டர் வந்து பார்ப்பார். டுராண்டும் பாதி அந்த மாதிரிதான்.

நான் சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடியவன், பெஞ்சில் உட்கார்ந்ததுதான் அதிகம் என்பது பெயரிலேயே தெரியும். எங்களுக்கே சீசனுக்கு முன்னால் பீச் மணலில் ஓட விடுவார்கள். முதல் இரண்டு வாரம் கால் ஈயக் குண்டு மாதிரி இருக்கும், மூளை சொல்கிற இடத்துக்கு உடம்பு அரை விநாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். புரொஃபஷனல் கிளப்பிலும் கதை அதேதான். காலையில் ஜிம், சாயங்காலம் மைதானம் என்று ஏற்றிக்கொண்டே போகிற நேரத்தில்தான் இந்த ஆட்டங்கள் வருகின்றன, அதிலும் ஃபாரின் பிளேயர்கள் சிலர் விசா வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதனால் 60 நிமிஷத்துக்கு மேல் நடக்கிறதை வைத்து அணியை எடை போடாதே. முதல் அரை மணி நேரம் பார். பந்து போனதும் யார் முதலில் ஓடிப் போய் அழுத்துகிறான், கோல் கிக்கை நீளமாக அடிக்கிறார்களா, பக்கத்தில் தட்டி ஆரம்பிக்கிறார்களா, கார்னருக்கு யார் எங்கே நிற்கிறார்கள். கோச் பழக்கிக்கொண்டிருப்பது அதைத்தான். ஸ்கோரை அண்ணன் பார்க்கட்டும்.

குன்னூர்க்காரன்:
"வார்ம்-அப்" என்று சொன்ன அண்ணனை இங்கே வரச் சொல்லுங்கள். 1888-ல் சிம்லாவில் தொடங்கிய போட்டி இது, ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டி. அப்போதைய வெளியுறவுச் செயலாளர் மார்ட்டிமர் டுராண்ட் பெயரில் வந்தது. ரொம்ப காலம் பிரிட்டிஷ் ராணுவ அணிகள்தான் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டு போயின, 1940-ல்தான் முகமதன் ஸ்போர்ட்டிங் அதை உடைத்தது. ஜெயிக்கிறவனுக்கு டுராண்ட் கோப்பை, சிம்லா டிராஃபி, குடியரசுத் தலைவர் கோப்பை என்று மூன்று கோப்பை கிடைக்கும்.

நம் ஆட்களுக்கே தெரியாத ஒன்று சொல்கிறேன். வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955-லும் 1958-லும் இந்தக் கோப்பையை ஜெயித்திருக்கிறது. நீலகிரிக்கு இரண்டு முறை வந்த கோப்பை. சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல்-ஐ இரண்டு தடவை தூக்கியிருக்கிறது, இதை இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. வார்ம்-அப்பாம்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, வரலாறு சரி, தம்பி கேட்டது கணிக்க முடியுமா என்று. எண்ணைப் பார்ப்போம். 2021-ல் கோவா டுராண்டை ஜெயித்தது, அந்த ஐஎஸ்எல் சீசனில் 9-வது இடம், பாதியில் கோச் ஃபெராண்டோவும் கிளம்பிவிட்டார். 2022-ல் பெங்களூரு ஜெயித்தது, ஆனால் ஐஎஸ்எல் லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கிற அணிக்குத் தருகிற ஷீல்டை எடுத்தது டுராண்ட் இறுதியில் அவர்களிடம் தோற்ற மும்பை. பெங்களூரு ஐஎஸ்எல் இறுதி வரை வந்து பெனால்டியில் விட்டது. 2023-ல் மோகன் பகான் டுராண்டும் எடுத்தது, ஷீல்டும் எடுத்தது. இதில் எந்த விதி இருக்கிறது சொல்லுங்கள், எனக்குத் தெரியவில்லை.

ஆனால் 2024-ஐப் பாருங்கள். இறுதியில் நார்த் ஈஸ்ட் 0-2 பின்தங்கி, 2-2 ஆக்கி, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகான் கூட்டத்துக்கு முன்னால் பெனால்டியில் ஜெயித்தது. கீப்பர் குர்மீத் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். அந்த கிளப்புக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை, அவர்களிடம் போய் ப்ரீ-சீசன் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். அந்த இறுதியில் முதல் கோலைத் திருப்பியவர் மொராக்கோவிலிருந்து புதிதாக வந்திருந்த அஜாராய். அப்புறம் அந்த ஐஎஸ்எல் சீசனில் 23 கோல் போட்டார். அணி லீக்கில் நாலாவதுதான் வந்தது. ஆக, அணியைக் கணிக்க முடியாது, ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

பெரம்பூர்_விசில்:
இது நல்லா இருக்கே. எல்லா நாட்டிலும் இப்படித்தானா, இல்லை நாம் மட்டும்தான் குழப்பிக்கொள்கிறோமா?

ராத்திரி_மேட்ச்:
ஐரோப்பாவில் இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் அங்கே அது வெளிப்படையாகவே நட்பு ஆட்டம். பார்சிலோனா 1966-லிருந்து காம்பர் கோப்பை நடத்துகிறது, சொந்த ரசிகர்களுக்குப் புது அணியை அறிமுகம் செய்கிற திருவிழா மாதிரி. ஆர்சனலின் எமிரேட்ஸ் கோப்பையில் போடுகிற ஒவ்வொரு கோலுக்கும் ஒரு புள்ளி கொடுத்தார்கள், தற்காப்பு ஆடி யாரும் தூங்க வைக்கக்கூடாது என்று. காடிஸ் நகரத்து கர்ரான்சா கோப்பை இன்னும் சுவாரஸ்யம். 1962 இறுதியில் சமநிலை ஆனதும் பெனால்டி அடித்து முடிவு செய்தார்கள், அது விதிப் புத்தகத்தில் ஏறியது 1970-ல்தான். விளையாட்டுக்கு நடத்துகிற போட்டியில்தான் தைரியமாகப் புதுசு முயற்சி செய்ய முடியும் போல.

நம்முடைய டுராண்ட் நட்பு ஆட்டம் இல்லை, அங்கேதான் சிக்கல். குரூப்பில் மூன்றே ஆட்டம், முதலிடம் பிடித்தால்தான் காலிறுதி நிச்சயம். பயிற்சிக்காக வந்த கோச்சும் ஒன்று தோற்றதும் பயந்துபோய் மெயின் லெவனை இறக்கிவிடுகிறார், ஹாம்ஸ்ட்ரிங்கை (தொடையின் பின்தசையை) பிடித்துக்கொண்டு ஒருவர் வெளியே போவார்.

நேருபார்க்_பெஞ்ச்:
அதுவாவது பரவாயில்லை. 2025-ல் நம் அணி டுராண்டுக்குப் போகவே இல்லை, ஐஎஸ்எல் கிளப்பில் ஆறுதான் ஆடின. லீக் நடக்குமா நடக்காதா என்று தெரியாத நேரம், கிளப்பைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. ஆனால் அந்த ஆகஸ்டில் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து பேச ஒன்றுமே இல்லை. முதல் தடவை வந்த டைமண்ட் ஹார்பர் அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலைத் தோற்கடித்து இறுதிக்குப் போனார்கள். அங்கே 1-6 என்று அடி வாங்கினார்கள், சரி, ஆனால் போனார்களே.

பெரம்பூர்_விசில்:
எல்லோருக்கும் நன்றி. குன்னூர் அண்ணே, உங்கள் 1955 சமாச்சாரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "அதுக்கும் சென்னையின் எஃப்சிக்கும் என்னடா சம்பந்தம்" என்று பதில் வந்திருக்கிறது. இதற்கு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்:
நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.