புதுப்பிப்பு: 16 ஜிபியா, 32 ஜிபியா? லேப்டாப் வாங்கியாச்சு

பொறியியல் படிக்கும் தங்கைக்கு 16 ஜிபி ரேம் போதுமா, 32 வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 16-லேயே வாங்கிவிட்டோம்.

பழைய லேப்டாப்பில் அவள் வழக்கமாகத் திறப்பதையெல்லாம் ஒன்றாகத் திறந்து, எது எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கண்ணைத் திறந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ (ஆப் எழுதும் மென்பொருள்), எமுலேட்டர் (திரையிலேயே ஓடும் போலி போன்), குரோம் மூன்றும் ஓடும்போது, 8 ஜிபி மெஷினில் 'கமிட்டெட்', அதாவது ஓடும் புரோகிராம்களுக்கெல்லாம் ஒதுக்கிய மொத்த நினைவகம், 13 ஜிபியைத் தொட்டது. ரேமில் இடம் போதாததால் டேட்டா, ரேமைவிட மெதுவான எஸ்எஸ்டிக்கு (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) போய்ப் போய் வருகிறது. அத்தனை திணறலும் அதனால்தான்.

அப்புறம், ரேம் சால்டர் செய்ததா என்று கட்டாயம் பாருங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் எல்பிடிடிஆர்5 வகை ரேம் சிப் போர்டோடு ஒட்டியே வரும். பிறகு கூட்டவே முடியாது. மேக்புக் ஏரும் அப்படித்தான். அதை எடுத்திருந்தால் 32-க்கே போயிருப்பேன். நாங்கள் வாங்கியதில் இரண்டு ஸ்லாட். ஒன்றில் 16 ஜிபி டிடிஆர்5 (கழற்றி மாட்டக்கூடிய ரேம்), மற்றது காலி.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான். அதுவும் இதே ரேமைத்தான் பங்கு போடும். இரண்டு ஸ்லாட்டும் நிரம்பினால் டூயல் சேனலில் (இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் டேட்டா கொடுப்பது) கிராபிக்ஸ் நன்றாகவே வேகமெடுக்கும். அதனால் அடுத்த செமஸ்டருக்குள் அதே வேகமுள்ள இன்னொரு 16 ஜிபி ரேம் போட்டுவிடுவோம்.