புதுப்பிப்பு: மூன்றாம் அத்தியாயத்திலேயே முடிந்துபோன காதல்

போன மாசம் இங்கே கேட்டிருந்தேன்: என் குறுநாவலில் மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் படிப்பிக்கப் போகும் டீச்சரும், அதே பாதையில் வரும் மேசனும் மூன்றாம் அத்தியாயத்திலேயே காதலைச் சொல்லிவிடுகிறார்கள், பிறகு கதை நகரவில்லை என்று. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

முதலில் வில்லனாக ஒரு முறைமச்சானை இறக்கிப் பார்த்தேன். சண்டை கூடியது, காதல் கூடவில்லை.

சரிவந்தது, "தடையை வெளியில தேடாதீங்க, ரெண்டு பேருக்கும் வேண்டியதே மோதட்டும்" என்ற யோசனைதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே, மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். அவனுக்கு இரண்டு தங்கச்சிமார். இருவருக்கும் வீடு கட்டாமல் அவன் கல்யாணம் பேச முடியாது. அவளுக்கோ இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போக ஆசை. இரண்டு பேரிலும் பிழையில்லை. காதலைச் சொல்வதை ஒன்பதாம் அத்தியாயத்துக்குத் தள்ளினேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் இப்போது இவ்வளவுதான்: வாவித் தண்ணீர் தெறிக்கிறது, அவளுடைய கொப்பிக் கட்டை வாங்கி அவன் தன் சேட்டுக்குள் வைக்கிறான். இறங்கும்போது மேல் கொப்பியில் சீமெந்து விரல் அடையாளம். அவள் துடைக்கவில்லை.

எதிர்பாராத ஒன்று: "நீங்க" எந்த இடத்தில் "நீ" ஆகிறது என்பதே பெரிய வேலையாகிவிட்டது. ஆறாம் அத்தியாயத்தில், கோபத்தில், அவள்தான் முதலில் "நீ" என்கிறாள். வாசித்துப் பார்த்த என் மச்சாள் அந்த வரியில் நின்று திரும்ப வாசித்தா.

மழைக் காட்சி கேட்டவர் மன்னிக்கவும், அதை வெட்டிவிட்டேன்.