தினமும் மகிழ்ச்சியைப் பழகலாமா, இல்லை அதுவும் இன்னொரு சுமையா?

தும்பை:
பழகலாம் என்பதே என் பதில். மகிழ்ச்சியாக இரு என்று மனதுக்கு ஆணையிட முடியாது. எதைக் கவனிக்கிறோம், எதைச் செய்கிறோம் என்ற இரண்டும் ஓரளவு நம் கையில் இருக்கின்றன. அவற்றை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினால் மனநிலை பின்னால் வரும்.

தொடங்க எளிய வழி ‘மூன்று நல்லவை’. 2005இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் இணையம் வழியாக இதைச் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் ஒரு வாரம், இரவுதோறும், அன்று நல்லபடியாக நடந்த மூன்றையும் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதினார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தக் குழுவில் மகிழ்ச்சி கூடியும் மனச்சோர்வு குறைந்தும் இருந்தது. பலர் இந்த ‘ஏன்’ பகுதியை விட்டுவிடுகிறார்கள். உயிரே அதில்தான் இருக்கிறது. “இன்று வேலை நன்றாகப் போனது” என்ற வரியால் பயனில்லை. “கணக்கிலிருந்த பிழை மதியத்துக்குள் பிடிபட்டது, காலையில் மின்னஞ்சலைத் திறக்காமல் முதல் ஒரு மணி நேரத்தை அதற்கே கொடுத்ததால்” என்று எழுதினால், நாளை எதைத் திரும்பச் செய்யலாம் என்பதும் அங்கேயே கிடைத்துவிடும். பத்து நிமிடம் போதும். கண் சொக்கும் நேரத்தில் மட்டும் உட்காராதீர்கள், மூன்றும் அரைவரியில் முடிந்துவிடும்.

எதிர்க்காற்று:
தும்பை, அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். ஒரு வாரம்தான் செய்யச் சொன்னார்கள். அதன் பிறகும் தாமாகத் தொடர்ந்தவர்களிடம்தான் பலன் அதிகம் நீடித்தது. தொடர்ந்ததால் பலன் வந்ததா, பலன் வந்தவர்கள் தொடர்ந்தார்களா என்பதை அதை வைத்துப் பிரிக்க முடியாது. தவிர, மகிழ்ச்சியைத் தேடித் தாமாகவே ஓர் இணையதளத்துக்கு வந்தவர்கள் அவர்கள். விருப்பமில்லாதவருக்கு அதே பலன் கிடைக்கும் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. மகிழ்ச்சியை இலக்காக வைப்பதே அதைக் கெடுக்கும். 2011இல் ஐரிஸ் மாஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சி மிக முக்கியம் என்று சொல்லும் கட்டுரையை ஒரு குழுவுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு மகிழ்ச்சியான படக்காட்சியைப் பார்த்தபோது, அந்தக் குழுவினர் மற்றவர்களைவிடக் குறைவான மகிழ்ச்சியையே உணர்ந்தார்கள். இன்னும் கூடுதலாக உணர்ந்திருக்க வேண்டாமா என்ற ஏமாற்றம் உள்ளே புகுந்துவிடுகிறது. தினமும் நோட்டைத் திறந்து வைத்துக்கொள்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

வேலையிடம் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. பணிச்சோர்வை உலகச் சுகாதார அமைப்பு 2019இல் நோய்களையும் உடல்நலப் பிரச்சினைகளையும் வகைப்படுத்தும் ஐசிடி-11 பட்டியலில், சரியாகக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் வருவது என்று விளக்கியது. 1979லேயே ராபர்ட் கராசெக் காட்டியதும் இதைத்தான்: வேலைப்பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் உள்ள இடத்தில்தான் மன அழுத்தம் ஏறுகிறது. ஆள் பற்றாக்குறையைச் சரிசெய்யாமல் ஊழியர் கையில் நன்றிக் குறிப்பேட்டைக் கொடுப்பது, பளுவை அவர் தலையிலேயே திருப்பி ஏற்றுவது.

நெய்தல்:
‘தினமும்’ என்ற சொல்லையே முதலில் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவின் ஆறு வார ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு நலம் கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. ஒரே வகைப் பட்டியலை அடிக்கடி எழுதினால் அது சடங்காகிவிடும், மனம் அதற்குப் பழகிப்போகும். எழுத்துக்கு வாரம் ஒரு நாளே போதும்.

நாள்தோறும் செய்ய ஏற்றது சுவைத்தல், அதாவது அந்த நேரத்து அனுபவத்தை ஊன்றி உணர்வது. இரண்டு நிமிடம், ஒரே ஒரு புலன். குளிக்கும்போது தண்ணீரின் சூடு தோளில் படுவதை மட்டும், அல்லது நடக்கும்போது காதில் விழும் ஓசைகளை மட்டும். மனம் வேறெங்கோ போகும், அது இயல்பு. திரும்பக் கொண்டுவந்தால் போதும். 2010இல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியாக நடுநடுவே கேட்டபோது, கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை, அப்படி அலையும்போது மகிழ்ச்சியும் குறைவு என்று தெரிந்தது. இந்தப் பயிற்சி கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பகிர்வதற்காகப் படம் எடுப்பது. கவனம் பார்க்கப்போகிறவர்களிடம் போய்விடும். மற்றொன்று, “இப்போது எவ்வளவு மகிழ்ச்சி?” என்று நடுவில் மதிப்பெண் போடுவது. எதிர்க்காற்று சொன்ன ஏமாற்றம் நுழைவது அந்தக் கேள்வி வழியாகத்தான்.

தும்பை:
நெய்தல் சொன்ன அளவை ஏற்கிறேன். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை என்று எழுத்தைக் குறைத்துவிடலாம். ஆனால் செயல் பக்கத்தை இன்னும் யாரும் தொடவில்லை. எனக்கு எழுத்தைவிட அதில்தான் நம்பிக்கை அதிகம். மனச்சோர்வு சிகிச்சையில், மனநிலைக்குக் காத்திராமல் செயலை முதலில் தொடங்கவைக்கும் நடத்தைத் தூண்டல் என்ற முறை பல ஆய்வுகளில் தாக்குப்பிடித்திருக்கிறது. அதன் எளிய வடிவத்தை யாரும் செய்து பார்க்கலாம்.

ஒரு வாரத்துக்கு மணிவாரியாக என்ன செய்தீர்கள் என்று குறியுங்கள். பக்கத்தில் 0 முதல் 10 வரை இரண்டு எண்கள்: எவ்வளவு இன்பம், எவ்வளவு சாதித்த நிறைவு. இரண்டையும் கலக்காதீர்கள். நிலுவையில் கிடந்த படிவத்தை முடிப்பதில் இன்பம் 1, நிறைவு 8 என்று வரலாம். கைபேசியில் ஒரு மணி நேரம் உருட்டிக்கொண்டிருந்ததில் இன்பம் 3, நிறைவு 0. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை நிரப்புவது முக்கியம். இரவில் மொத்தமாக எழுதினால் அந்த நேரத்து மனநிலை முழு நாளுக்கும் சாயம் பூசிவிடும்.

அடுத்த வாரம், இரண்டில் ஒன்றாவது 6ஐத் தாண்டிய செயல்களில் இரண்டை மட்டும் எடுத்து, 15 நிமிடத் துண்டுகளாக நாளில் பொருத்துங்கள். “நேரம் கிடைத்தால்” என்று விடாமல், “மதிய உணவு முடிந்ததும் படிக்கட்டில் இறங்கி வெளியே நடப்பேன்” என்று முன்னதோடு கட்டிவிடுங்கள். பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டுவது, இப்படி ‘இது நடந்ததும் அது’ என்று முடிச்சுப் போட்ட திட்டம் அதிகம் நிறைவேறுகிறது என்பதை. தொடங்குமுன் எவ்வளவு இன்பம் வரும் என்று ஓர் எண் ஊகித்து எழுதுங்கள். சோர்ந்த மனம் 2 என்று சொல்லும், செய்து முடித்த பின் 5 வருவது வழக்கம். அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு “மனம் வரட்டும், பிறகு செய்வோம்” என்பது தானே தளரும்.

எதிர்க்காற்று:
இது எழுத்துப் பயிற்சியைவிட உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணை எழுதச் சொல்லும்போதே நெய்தல் எச்சரித்த மதிப்பெண் பிரச்சினை திரும்ப வருகிறதே?

தும்பை:
மதிப்பெண் செயல் முடிந்த பிறகு, நடுவில் இல்லை. அதுவும் முதல் இரண்டு வாரம்தான். மூன்றாம் வாரத்திலிருந்து எண்களை நிறுத்திவிட்டுச் செயலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாளில் ஒட்டும் என்று கேட்பவர்களுக்கு: 2010இல் ஃபிலிப்பா லாலி குழு பார்த்த 96 பேரில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. 18 முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. விட்ட மறுநாள் இருமடங்காகச் செய்து ஈடுகட்டாதீர்கள், அப்போதுதான் அது சுமையாகிறது.

நெய்தல்:
வேலைக்கு ஒன்று. தெரேசா அமாபில் குழு 238 ஊழியர்களின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைப் பார்த்தபோது, நல்ல நாட்களில் அதிகம் காணப்பட்டது பொருளுள்ள வேலையில் ஏற்பட்ட சிறு முன்னேற்றம். அதனால் வேலையை மூடுமுன், மறுநாள் 40 நிமிடத்தில் முடியக்கூடிய முதல் துண்டை ஒரே வரியில் எழுதி வையுங்கள். “அறிக்கை” என்று எழுதாமல், “மூன்றாம் அட்டவணையின் மொத்தத்தைச் சரிபார்” என்று.

எதிர்க்காற்று:
அந்தத் துண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத பணிகளில் இருப்பவர்களை நினைத்துத்தான் பேசுகிறேன். அங்கே இரண்டு பத்தி போடுங்கள்: எது என் முடிவில் மாறும், எது மேலாளர் முடிவில் மாறும். இரண்டாம் பத்தியில் உள்ளதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. அதை எழுத்தாக, ஆட்கள், மணி நேரம், கெடு என்ற அளவுகளோடு மேலே அனுப்ப வேண்டும், முடிந்தால் சக ஊழியர்களோடு சேர்ந்து. குழுக் கூட்டத்தில் ஆளுக்கொரு மகிழ்ச்சியைச் சொல்ல வைப்பதை நிறுத்த வேண்டும். உள்ளே இல்லாததை முகத்தில் காட்ட நேர்வதே களைப்பை ஏற்றும். தன்னைப் பற்றி நல்ல வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் அப்படித்தான். 2009இல் ஜோன் வுட் குழுவின் ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு அது நிலையை இன்னும் மோசமாக்கியது.

நிறுத்தும் எல்லையையும் சொல்லியாக வேண்டும். உலகச் சுகாதார அமைப்பின் ஐந்து கேள்வி நலக் குறியீடு கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 5, கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். 50 அல்லது அதற்குக் கீழே என்றால், பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். சாக எண்ணம் வந்தால் எந்த எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள்.

தும்பை:
அந்த எல்லையில் நமக்குள் வேறுபாடு இல்லை. நெருங்கிய ஒருவரை இழந்த முதல் வாரங்களையும் அதோடு சேர்க்கிறேன். அப்போது நல்லவை மூன்றைத் தேடச் சொல்வது கொடுமை. ஆனால் மேலாளர் மாறும்வரை ஊழியர் தன் மாலை நேரத்துக்கு எதுவும் செய்யக்கூடாது என்பதை ஏற்க மாட்டேன். இரண்டாம் பத்திக்குக் கோரிக்கைக் கடிதம் போகட்டும், 15 நிமிட நடையும் அதே நாளில் இருக்கட்டும்.

எதிர்க்காற்று:
செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கடிதம் போகாத வாரத்தில் நடையை மட்டும் கணக்கில் காட்டாதீர்கள் என்கிறேன்.