தின்னர் கலவை அறைக்கு ஐ.பி. 67 தராசு போதுமா? உதவி தேவை

கேட்பவர் (பீன்யா, பெங்களூரு):
வணக்கம். பீன்யா தொழிற்பேட்டையில் தின்னர் கலக்கும் சிறு பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். டொலுவீனையும் எத்தில் அசிட்டேட்டையும் டிரம்மிலிருந்து வாளியில் பிடித்து, 150 கிலோ மேடைத் தராசில் எடை பார்த்துத் தொட்டியில் ஊற்றுகிறோம். பழைய தராசில் எண்கள் நிலையாக நிற்பதில்லை. புதியது வாங்க வேண்டும். விற்பனையாளர் ஐ.பி. 67 தரமுள்ள எஃகுத் தராசு ஒன்றைக் காட்டி, "தண்ணீரே புகாது, ஆவி எப்படிப் புகும்?" என்கிறார். முதலாளிக்கு விலை பிடித்துவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த அறையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். சரியான வழி எது?

கருவிப் பராமரிப்பாளர்:
ஐயா, உங்கள் தயக்கம் சரியானது. ஐ.பி. 67 என்பது தூசியும், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் நீரும் புகாது என்பதற்கான தரம் மட்டுமே. உள்ளே பொறி எழுமா, மேற்பரப்பு எவ்வளவு சூடேறும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. டொலுவீனின் தீப்பற்று நிலை (அதன் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றக்கூடிய வெப்பநிலை) சுமார் 4 டிகிரி செல்சியஸ் என்பதால், பெங்களூரின் மார்கழிக் குளிரிலும் எரியக்கூடிய ஆவி இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது; தரையோடு படர்ந்து, உங்கள் மேடைத் தராசு இருக்கும் உயரத்தில்தான் தேங்கும்.

தராசின் தகட்டில், வெடிக்கும் ஆவியுள்ள இடத்துக்கு ஏற்றது என்பதைக் காட்டும் எக்ஸ் (Ex) குறியீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழக்கமாக ஆவி எழக்கூடிய ஜோன் 1 பகுதிக்கு தீமூட்டும் பொறி எழாதபடி மின்னாற்றலை மட்டுப்படுத்திய எக்ஸ் ஐ.ஏ. (Ex ia) அல்லது எக்ஸ் ஐ.பி. (Ex ib; ஐ.பி. 67 வேறு) வகையும், உங்கள் இரு கரைப்பான்களுக்கும் ஐஐஏ வாயுக் குழுவும் பொருந்தும். வெப்பநிலை வகுப்பு டி4 என்றால் மேற்பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது. இரண்டும் தானாகத் தீப்பற்ற 400 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் அது தாராளமாகப் போதும். நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) தரும் ஒப்புதல் கடிதத்தையும், வெடிக்கும் சூழலுக்கான கருவிகளின் தரமான ஐ.எஸ்./ஐ.இ.சி. 60079 சான்றிதழையும் மாடல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "ஃபிளேம்ப்ரூஃப்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதை ஏற்காதீர்கள்.

கேட்பவர்:
மிக்க நன்றி ஐயா. தகட்டில் எக்ஸ் குறியீடே இல்லை. எடைகாட்டியை மட்டும் அறைக்கு வெளியே வைத்தால் செலவு குறையுமா?

கருவிப் பராமரிப்பாளர்:
குறையலாம், ஆனால் உள்ளே இருக்கும் லோடு செல் (எடையை உணரும் பாகம்), அதன் கம்பிகள் கூடும் சந்திப்புப் பெட்டி இரண்டும் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். இடையில், அறைக்குள் செல்லும் மின்னாற்றலை மட்டுப்படுத்தும் ஜீனர் தடுப்பான் வைத்து, அதற்கு முறையான எர்த் கொடுத்து, தடுப்பான் இணைத்த பிறகே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பேட்டரித் தராசு என்றால் சார்ஜ் ஏற்றுவதும் பேட்டரி மாற்றுவதும் வெளியேதான். பழைய தராசின் சுவிட்சை ஆவி உள்ளபோது தொடாமல், வெளியே உள்ள பிரேக்கரில் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

பெயிண்ட் ஆலைப் பணியாளர்:
ஒரு கேள்வி: வாளி பிளாஸ்டிக்கா? அப்படியானால் எத்தனை விலையுயர்ந்த தராசும் காப்பாற்றாது. டொலுவீன் மின்சாரத்தை எளிதில் கடத்தாத திரவம். ஊற்றும்போது நிலைமின்னூட்டம் சேரும்; பிளாஸ்டிக் வாளியில் அது எர்த்துக்கு வடிய வழியில்லாமல் பொறியாகலாம். எங்கள் ஆலையில் எர்த் கிளிப் மாட்டியிருந்தும் டிரம்மின் காய்ந்த பெயிண்ட் மேல் கவ்வியதால் தொடர்பே இல்லாமல் இருந்தது.

கேட்பவர்:
பிளாஸ்டிக் வாளிதான். இன்று காலையிலேயே எடுத்துவிட்டு, டிரம், உலோக வாளி இரண்டையும் கம்பியால் இணைத்து எர்த் செய்தேன். எங்கள் கிளிப்பின் பற்களுக்கிடையிலும் பெயிண்ட் படிந்திருந்ததால் புதிது வாங்கினேன். பழைய தராசு பிரேக்கரில் அணைக்கப்பட்டுவிட்டது. சான்று பெற்ற தராசு வரும்வரை கலவைப் பணியை நிறுத்தி வைக்க முதலாளியும் ஒப்புக்கொண்டார்.